இருபத்தெட்டரைச் சக்கரம்

கலூரில் மெட்ரோ ரயில் ஏறி வடக்கே போனால் ஸ்டேடியம், பாலாரிவட்டம், சங்ஙம்புழா பார்க் தாண்டி இடப்பள்ளி வந்துவிடும். கையில் பிடித்த பையைக் கீழே வைப்பதற்குள் இறங்க வேண்டிய தூரம்தான். 1949-க்கு முன் இந்தத் தூரத்தைக் கடந்த ஒருவர் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குள் போயிருப்பார் என்று சொன்னால் எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். கலூர் கொச்சி மகாராஜாவின் நாடு. இடப்பள்ளி திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டது. இந்தப் பக்கம் ரூபாய், அணா, பை. அந்தப் பக்கம் பணம், சக்கரம், காசு. கலூர்க்காரர் இடப்பள்ளிச் சந்தைக்குப் போனால் மடியில் இரண்டு வகைச் சில்லறை இருக்க வேண்டும், மனதில் இரண்டு வகைக் கணக்கும் இருக்க வேண்டும்.

இந்த இரட்டைக் கணக்கு எப்படி ஒற்றைக் கணக்காயிற்று, அந்த மாற்றத்தில் யார் கையிலிருந்து எது நழுவியது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் மட்டாஞ்சேரிக்குப் பாத்திர வியாபாரத்துக்கு வந்தவன். நாணய ஆராய்ச்சி எனக்குத் தராசுத் தட்டு வழியாக வந்தது. பாத்திரக் கடைக்காரன் புதுப் பித்தளையை விற்பான், பழைய செம்பையும் பித்தளையையும் எடைக்கு எடுப்பான். உடைந்த உருளி, ஓட்டைக் குடம், பிடி போன கிண்டி இவற்றோடு பழைய செப்புக் காசுகளும் வரும். அவற்றை நாங்கள் காசு என்று பார்த்ததே கிடையாது. செம்புதான்.

1987-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் ஒரு துணிப்பையோடு கடைக்கு வந்தார். இடப்பள்ளிக்கு உள்ளே ஏதோ ஒரு கிராமம். பை நிறையச் செப்புச் சக்கரம். நான் தராசை எடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்து, "மோனே, எண்ணிப் பார்க்க வேண்டாம். முந்நூற்று நாற்பத்திரண்டு இருக்கு. பன்னிரண்டு ரூபா" என்றார். மலையாளத்தில்தான் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. "சேச்சி, செம்பு விலைக்கே பன்னிரண்டு ரூபாயை விட எவ்வளவோ கூடக் கிடைக்கும்" என்று பெருமையாகச் சொல்லி எடை போட்டு, கூடுதலாகவே கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை. அந்த 342 எப்படிப் பன்னிரண்டு ஆகிறது என்று அன்று எனக்குத் தெரியாது.

பிறகு தெரிந்துகொண்டேன். திருவிதாங்கூர்க் கணக்கு இதுதான். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆகவே திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் இந்திய ரூபாய் வாங்க வேண்டுமானால் இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். 28½-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் சரியாக 342. அந்த அம்மாள் ஒரு சக்கரம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சக்கரம் முதலில் வெள்ளி நாணயம். மிகவும் பொடிசு. கையில் பத்து எடுத்தால் விரல் இடுக்கில் இரண்டு ஓடிவிடும். அதனால் கஜானாவில் அவற்றை எண்ணச் சக்கரப் பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். மரப்பலகையில் வரிசையாகச் சிறு குழிகள். ஒரு பிடி சக்கரத்தைப் பலகை மேல் கொட்டி லேசாக ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும், மிச்சத்தை வழித்துவிடலாம். குழிகள் நிறைந்தால் எண்ணிக்கை சரி. வியாபாரி என்ற முறையில் இதைவிட அழகான கணக்குக் கருவியை நான் பார்த்ததில்லை! பின்னால் இருபதாம் நூற்றாண்டில் சக்கரம் செம்பாகிப் பெரிதானது. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துச் செப்புச் சக்கரங்களில் ஸ்ரீபத்மநாபரின் சங்கும் கொல்லம் ஆண்டும் இருக்கும். கொல்லம் 1114 என்றால் ஆங்கிலக் கணக்கில் 1938-39.

கொச்சிக்கும் சொந்த நாணயம் இருந்ததுதான். அதற்குப் பெயர் புத்தன். ஆறு புத்தனுக்கு ஐந்து அணா என்பது கணக்கு, அதாவது ஒரு புத்தன் பத்துப் பை. கொச்சி அஞ்சல் இலாகா 1892-இல் முதன்முதலாகத் தலைகள் வெளியிட்டபோது அவற்றின் விலை அரைப் புத்தன், ஒரு புத்தன், இரண்டு புத்தன் என்றே அச்சாயிற்று. 1911-இல் ராமவர்மா மகாராஜாவின் உருவத்தோடு வந்த தலைகளில் பையும் அணாவும்தான் இருக்கின்றன. புத்தன் சத்தம் போடாமல் போய்விட்டது. அதற்குக் காரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டாம், நம் மட்டாஞ்சேரிக் கடைவீதியிலேயே இருக்கிறது. கோட்டைக் கொச்சி 1795-இலேயே டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவின் ஒரு துண்டாக அதைக் கடைசி வரை வைத்திருந்தார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து நடந்தே கோட்டைக்குப் போகலாம், அதாவது ராஜா நாட்டிலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். மிளகும் சுக்கும் கயிறும் பம்பாய்க்கும் கடல் கடந்தும் போகிற ஊரில் மொத்த வியாபாரிக்கு வேண்டியது எங்கும் செல்லுகிற ரூபாய். 1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் செய்துகொண்ட துறைமுக ஒப்பந்தம் இந்த நாடுகளுக்கு இடையே இருந்த சுங்கத் தடைகளைப் பெரும்பாலும் நீக்கியது. சரக்குக்கு எல்லை தளர்ந்தது. பொது நாணயம் முதலில் பொதுச் சந்தை வழியாகவே வருகிறது. அரசாங்க உத்தரவு பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறது.

திருவிதாங்கூர் மட்டும் விடவில்லை. அங்கே மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு என்று இரண்டு தட்டு. மொத்தச் சரக்கு, கப்பல் கூலி, உண்டியல் எல்லாம் பிரிட்டிஷ் ரூபாய். கூலி, காய்கறி, அஞ்சல் தலை எல்லாம் சக்கரம். ரூபாயில் இருப்பவன் கீழே இறங்கி வாங்கும்போது அவனுக்கு ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரை கிடைக்கும். சக்கரத்தில் இருப்பவன் மேலே ஏற வேண்டி வந்தால் இருபத்தெட்டரை எண்ணி வைக்க வேண்டும். அந்த அரைச் சக்கரம் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஒரு கடன் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். நூறு ரூபாய் என்று எழுதியிருக்கிறது, எந்த ரூபாய் என்று எழுதவில்லை. திருவிதாங்கூர் ரூபாய் என்றால் 2800 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாயில் அது 98 ரூபாய் 3 அணா 11 பை. வித்தியாசம் ஒன்றே முக்கால் ரூபாய்க்குச் சற்று மேல். அந்தக் காலத்தில் ஒன்றே முக்கால் ரூபாய் என்றால் ஏறக்குறைய ஐம்பது சக்கரம். கொடுத்தவன் ஒரு ரூபாயை நினைத்திருப்பான், வாங்கியவன் இன்னொரு ரூபாயை நினைத்திருப்பான். எழுத்துக் கூலி வாங்கியவர் இரண்டு பேரையும் நினைக்கவில்லை.

1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாயின. 1950 ஏப்ரல் 1 முதல் சமஸ்தான நிதியும் இந்திய நிதியும் இணைக்கப்பட்டன. நாணயம் அடிப்பது மத்திய அரசுக்கு மட்டும் உரியது என்று அரசியல் சட்டம் வகுத்துவிட்டது. சக்கரத்தின் ஆயுள் அதோடு முடிந்தது.

மாற்றம் எப்படி நடந்தது என்பதற்கு என்னிடம் உள்ள நல்ல சாட்சி நாணயம் அல்ல, அஞ்சல் தலைதான். 1949-இல் புதிய ராஜ்யத்துக்குப் புதுத் தலைகள் அச்சிட அவகாசம் இல்லை. திருவிதாங்கூரின் பழைய தலைகளின் மேலேயே அணா, பை என்று புது விலையை அச்சுக் குத்திக் கொடுத்தார்கள். என் ஆல்பத்தில் அவை ஒரு பக்கம் முழுக்க இருக்கின்றன. ஆறு காசுத் தலை இரண்டு பை ஆயிற்று. எட்டுக் காசு நாலு பை. ஒரு சக்கரம் அரை அணா. இரண்டு சக்கரம் ஓர் அணா. நாலு சக்கரம் இரண்டு அணா. ஏழு சக்கரம் மூன்று அணா. பதினான்கு சக்கரம் ஆறு அணா.

ஒரு நாள் மாலை கடையை அடைத்துவிட்டு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28½ சக்கரம் 16 அணா என்றால் ஒரு சக்கரத்தின் மதிப்பு ஆறே முக்கால் பை. தலையில் குத்தியதோ ஆறு பை. ஏழு சக்கரம் கிட்டத்தட்ட நாலு அணா வர வேண்டும், குத்தியது மூன்று. பதினான்கு சக்கரம் எட்டு அணாவுக்கு அருகில் வர வேண்டும், குத்தியது ஆறு. எட்டுக் காசு மட்டும் மூன்றே கால் பையைத் தாண்டும், அதற்கு நாலு பை போட்டிருக்கிறார்கள். அஞ்சல் தலையின் கணக்கும் நாணய மாற்றின் கணக்கும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். அஞ்சல் கட்டணத்துக்கு எந்த விலைத் தலை தேவையோ அதைக் கையில் இருந்த தாளில் குத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு சக்கரம் என்ற எழுத்தும் அரை அணா என்ற எழுத்தும் ஒரே தாளில் மேலும் கீழுமாக வந்துவிட்டால், பார்க்கிற சாதாரண மனிதன் என்ன கணக்கு வைத்துக்கொள்வான்? சக்கரம் என்றால் அரை அணா என்றுதான். முக்கால் பை எங்கே போனது என்று அவன் யாரைப் போய்க் கேட்பான்?

அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை என்பதுதான் இதில் முக்கியமான சங்கதி. ஒரு ரூபாய்க்கு 456 காசு. அதே ரூபாய்க்குக் காலணா என்றால் 64 மட்டுமே. பை என்று எடுத்தாலும் 192 தான். கணக்கில் பை இருந்ததே தவிர, கடைத் தெருவில் புழங்கியது காலணா. ஒரு காலணாவுக்குள் ஏழு காசு அடங்கிவிடும். ஒரு காசு நாணயத்தைத் திருவிதாங்கூர் கடைசி வரை அடித்தது. ஒரு காசுக்கும் இரண்டு காசுக்கும் வாங்கக்கூடிய பொருள் எதுவோ, அதை இனித் தனியாக வாங்க முடியாது. காலணாவுக்கு மொத்தமாக வாங்க வேண்டும், அல்லது சும்மா இருக்க வேண்டும். பெரிய நாணயம் பெரிய சந்தைக்கு நல்லது. என் போன்ற வியாபாரிக்கு அது வரப்பிரசாதம், அதை மறுக்க மாட்டேன். பம்பாய்ச் சரக்குக்கும் சென்னைச் சரக்குக்கும் ஒரே பேரேடு, ஒரே கூட்டல். மாற்றுக்காரனுக்கு வட்டம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சல்லிக் கணக்கில் வாழ்கிறவனுக்கு நாணயம் பெரிதாகும்போதெல்லாம் கையில் கொஞ்சம் குறைகிறது.

ஹைதராபாத்தில் இது வேறு விதமாக நடந்தது. நிஜாமின் ஹாலி சிக்கா ஏழு ரூபாய்க்கு இந்திய ரூபாய் ஆறு. 1950-இல் இந்திய ரூபாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, ஆனால் பழையது முழுதாகச் செல்லாததானது 1959-இல்தான். ஒன்பது வருஷம் இரண்டும் சேர்ந்து நடந்தன. ஏழுக்கு ஆறு என்பது சந்தைக்காரி விரல் மடக்கிச் சொல்லக்கூடிய கணக்கு. இருபத்தெட்டரை அப்படியல்ல.

நம் தமிழர்களில் இந்தக் கஷ்டத்தை முழுதாக அனுபவித்தவர்கள் நாஞ்சில் நாட்டார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூரில் இருந்தவை. ஆரல்வாய்மொழி தாண்டினால் அணா, இந்தப் பக்கம் சக்கரம். நாகர்கோவிலில் எனக்குச் சரக்குக் கொடுத்த ஒரு பெரியவர் சொல்வார்: "தம்பி, எனக்கு வீடு மாறல்லே, கடை மாறல்லே. சக்கரத்திலே கல்லாப்பெட்டி வச்சேன், அணாவிலே மகளைக் கட்டிக் கொடுத்தேன், பைசாவிலே பேரனுக்கு மிட்டாய் வாங்கினேன்." வேடிக்கைப் பேச்சு இல்லை இது. 1949-இல் சக்கரத்திலிருந்து அணா. 1956 நவம்பர் 1-இல் அந்தத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அடுத்த வருஷம் 1957 ஏப்ரல் 1-இல் அணா போய் நயா பைசா. எட்டு வருஷத்துக்குள் இரண்டு முறை விலைவாசி முழுவதையும் மனதில் அழித்து எழுத வேண்டியிருந்தது. இரண்டாவது மாற்றத்திலும் அதே பின்னம்தான் வந்து நின்றது. ஓர் அணா என்பது ஆறே கால் பைசா. அட்டவணைப்படி ஓர் அணாவுக்கு 6 பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25. நாலு அணாவை ஒன்றாகக் கொடுத்தால் 25, ஓர் அணாவாக நாலு முறை கொடுத்தால் 24. சில்லறையாக வாங்குகிறவனுக்கு ஒரு கணக்கு, மொத்தமாக வாங்குகிறவனுக்கு வேறு கணக்கு.

ஐரோப்பியர் 2002 ஜனவரி 1-ஆம் தேதி பன்னிரண்டு நாடுகளில் யூரோவைக் கையில் கொடுத்தபோது இந்தப் பின்னத்தைக் குறித்து மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். ஜெர்மன் மார்க் 1.95583, இத்தாலிய லீரா 1936.27 என்று ஆறு இலக்கம் வரை விகிதத்தைச் சட்டத்தில் எழுதி, அந்த விகிதத்தை யாரும் சுருக்கக் கூடாது என்றார்கள். பழைய ஒப்பந்தங்கள் அப்படியே செல்லும் என்றும் எழுதினார்கள். அப்படியிருந்தும் ஜெர்மனியில் ஜனங்கள் யூரோவுக்கு, விலை ஏறியது என்று பொருள்படும் ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள். விகிதத்தைச் சட்டம் காக்கலாம். தேநீர்க் கடையில் விலைப்பலகை எழுதுகிறவன் கையைப் பிடிக்க முடியாது.

நாணயம் செத்தாலும் பெயர் சாவதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. நாம் பணம் என்கிறோமே, அது ஒரு குறிப்பிட்ட சிறு நாணயத்தின் பெயர். சென்னையில் 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு இருந்தது. 1818-இல் ரூபாய் வந்தபோது நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தார்கள். வராகனும் போயிற்று, பணமும் போயிற்று. சொல் மட்டும் உலகத்துச் செல்வம் முழுவதுக்கும் பெயராக நின்றுவிட்டது. காசு தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டிலேயே இருக்கிறது. கிழக்கத்திய சிறு நாணயங்களை ஆங்கிலேயர் கேஷ் என்று அழைத்தது நம் காசிலிருந்து. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் பிரெஞ்சு வழி வந்த வேறு சொல், இரண்டையும் குழப்பக் கூடாது. துட்டு டச்சுக்காரரின் டொய்ட். 1663-இல் கொச்சியைப் பிடித்து நூற்று முப்பது வருஷம் ஆண்டவர்கள் போய்விட்டார்கள், துட்டு நம் வாயில் தங்கிவிட்டது. சக்கரமும் அப்படியே. நாகர்கோவிலில் கையில் சக்கரம் இல்லை என்றால் வண்டிச் சக்கரத்தை யாரும் நினைக்க மாட்டார்கள்.

மறுபடியும் அந்த இடப்பள்ளி அம்மாளிடம் வருகிறேன். அடுத்த வருஷம் ஒரு குடம் வாங்க வந்தார். அதற்குள் நான் இருபத்தெட்டரையைக் கற்றுக்கொண்டிருந்தேன். "சேச்சி, முந்நூற்று நாற்பத்திரண்டு எதற்காகச் சேர்த்தது?" என்று கேட்டேன். சொன்னார். அவருடைய அம்மா கயிறு திரித்துக் கூலி வாங்கியவர். ஒரு ஜோடிக் கம்மலைக் கொச்சி நாட்டுப் பக்கம் ஒருவரிடம் பன்னிரண்டு ரூபாய்க்கு அடகு வைத்திருந்தார். வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டார். முதலுக்காக இருபத்தெட்டரைக் கணக்கில் சக்கரம் சக்கரமாகச் சேர்த்து, முழுவதும் சேர்ந்த பிறகு கொண்டுபோனார். அது மாற்றம் வந்த சமயம். அடகுக்காரர் சக்கரம் வேண்டாம், ரூபாயாகக் கொண்டு வா என்றார். மாற்றுக்காரர் ரூபாய்க்கு முப்பது சக்கரம் கேட்டார். 360 வேண்டும், பதினெட்டு குறைந்தது. அந்தப் பதினெட்டைச் சேர்த்து முடிப்பதற்குள் சக்கரமே செல்லாது என்றாகிவிட்டது. கூடச் சேர்த்த சில்லறை வீட்டுச் செலவில் கரைந்தது. முதலில் எண்ணி வைத்த 342 மட்டும் பானையில் கிடந்தது. கம்மல் போய்விட்டது.

அஞ்சல் தலைக் கணக்கில் பார்த்தால் 342 சக்கரம் 171 அணா, 10 ரூபாய் 11 அணா. மாற்றுக்காரர் கணக்கில் 11 ரூபாய் 6 அணா. திருவிதாங்கூர் கஜானா கணக்கில் சரியாகப் பன்னிரண்டு. மூன்றில் எது நியாயம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடகுக்காரரும் என் போன்ற வியாபாரிதான். அன்று அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ரூபாய்தான் கேட்டிருப்பேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சக்கரங்களைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று நினைத்துக் கடைக்குள் தேடினேன். எடுத்த வாரமே மற்றப் பழைய செம்போடு சேர்த்து உருக்குக்கு அனுப்பியிருந்தேன். வருஷக் கடைசியில் சரக்குக் கணக்கு எடுக்கும்போது தராசுப் பலகைக்குப் பின்னால் ஒன்று கிடைத்தது. கொல்லம் 1114, சங்கு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அதை அவரிடம் கொடுத்தேன். அவர் புறங்கையால் தள்ளி, "ஒன்றை வைத்து நான் என்ன செய்ய, மோனே? நீயே வச்சுக்கோ" என்றார். குடத்துக்குப் பேரம் பேசி, ஐந்து ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டு போனார்.